பதினோரு அர்த்தங்கள்

தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் போடும் சின்னப் பதிப்பகம். முதலாளியின் குடும்பம் தெற்கேயிருந்து வந்து ஜவுளிக் கடை வைத்த குடும்பம். அண்ணன்மார் இருவரும் துணியைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசித் தம்பியான இவருக்கு மட்டும் புத்தகத்தின் மேல் ஆசை.

நான் சேர்ந்தபோது அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. தமிழ் மீடியத்தில் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அறுநூறு ஆங்கில வார்த்தைகள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படம், தமிழில் ஒரு வரியில் அர்த்தம். முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம்.

"அகராதியைப் பார்த்து எழுதக் கூடாது. ஏழு வயசுப் பிள்ளைக்கு விளங்கணும். அடுத்தது, இங்க எழுதுறது இங்கயே இருக்கணும். வெளிய போகக் கூடாது. என்ன சொல்லுதேன், புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன்.

அந்த அறையில் என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் அக்கா ஒருவர், சைதாப்பேட்டையிலிருந்து வருவார். இன்னொருவர் படம் வரைகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பட்டினப்பாக்கம். அப்பா கடலுக்குப் போகிறவர், இவர் மட்டும் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு, இங்கே வந்து மூன்று வருடமாகியிருந்தது. நான் மந்தைவெளி என்பதால் காலையில் பெரும்பாலும் இருவரும் ஒரே 12பி பஸ்ஸில்தான் வருவோம். ஆனால் பஸ்ஸில் பேசிக்கொள்ள மாட்டோம். அவரும் பேச வரமாட்டார், நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் எழுதிய முதல் அர்த்தத்தைப் படித்துச் சிரித்தவர் அவர்தான். 'சேர்: அமர்வதற்குப் பயன்படும் இருக்கை' என்று எழுதியிருந்தேன்.

"இருக்கைன்னா இன்னா மேடம்?" என்றார்.

"நாற்காலி."

"அப்போ நாற்காலின்னா நாற்காலின்னு எழுதிக்கீறீங்க. படத்தைப் பார்த்தே புள்ளைக்குத் தெரிஞ்சிடுமே. நீங்க இன்னாத்துக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று மாலை பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னது சரி என்று பட்டது. நாற்காலியாவது பரவாயில்லை, படம் போட்டுவிடலாம். 'ஆல்மோஸ்ட்' என்ற வார்த்தைக்கு என்ன படம் போடுவது? 'ப்ரிட்டெண்ட்' என்றால்? 'எம்ப்டி' என்றால்? 'கிட்டத்தட்ட', 'பாசாங்கு', 'காலி' என்று எழுதினால் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பாசாங்கு என்பதும் இன்னொரு புரியாத வார்த்தைதான்.

வீட்டில் சாயந்திரம் நான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் இருக்கிற குழந்தைகள் ஆறேழு பேர் வந்து முன்னறையில் பாய் விரித்து உட்காருவார்கள். ஒரு நாள் வீட்டுப்பாடமெல்லாம் முடிந்த பிறகு சும்மா கேட்டேன். "எம்ப்டின்னா என்ன? உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க பார்க்கலாம்."

"ஒண்ணுமே இல்லாதது மிஸ்."

"எது மாதிரி?"

"மே மாசத்துல எங்க வீட்டுக் குடம் மாதிரி."

மறுநாள் அதை அப்படியே எழுதிக்கொண்டுபோனேன். ஓவியர் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். அடி பம்ப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் குடம் ஒன்றை ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். முதலாளி அதைப் பார்த்து, "இதுதாம்மா வேணும்" என்றார். அதிலிருந்து தினமும் டியூஷன் முடிந்து பத்து நிமிடம் அந்த விளையாட்டு நடந்தது. 'கெஸ்ட்' என்றால் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர், போகாவிட்டால் அவர் சொந்தக்காரர் என்றான் ஒருவன். 'விஸ்பர்' என்றால் டீச்சர் போர்டு பக்கம் திரும்பும்போது பேசுகிற பேச்சு. 'ப்ரிட்டெண்ட்' என்றால் தூக்கம் வராமலே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது. 'ஆல்மோஸ்ட்' என்ற வார்த்தையை நான்கு நாள் கேட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் நாள் எப்போதும் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளும் ஒன்பது வயதுப் பெண் கையைத் தூக்கினாள். "நாம ஓடி வரும்போது 12பி கிளம்பிப் போறது மிஸ். படியில கை பட்டுடும், ஆனா ஏற முடியாது."

நான் இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நானே யோசித்து எழுதியதாக அவர்கள் நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நானூறு வார்த்தைகள் முடிந்த சமயத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, முதலாளி வழக்கத்துக்கு மாறாகப் பத்து மணிக்கே வந்தார். என் மேஜையில் ஒரு மெல்லிய புத்தகத்தைப் போட்டார். மட்டமான காகிதம், கறுப்பு வெள்ளை. கே.கே. நகரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். திறந்து பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கில வார்த்தைகள், தமிழில் அர்த்தம். மூன்றாம் பக்கத்தில் மே மாதக் குடம் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் 12பி இருந்தது, படியில் கை படுவது உட்பட. முதலாளி சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் அடித்திருந்தார். மொத்தம் பதினொன்று.

"ஒண்ணு ரெண்டுன்னா தற்செயல்னு சொல்லலாம்" என்றார். "இந்த ரூமை விட்டு வெளிய போகாத எழுத்து எப்படிம்மா கே.கே. நகருக்குப் போச்சு?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார், "சார், என்கிட்ட வர்றதை நான் அடிக்கிறேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது." ஓவியர், "நான் படம் போடறவன் சார், எழுத்து எனக்கின்னாத்துக்கு?" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. எழுதியவள் நான்தானே, என் எழுத்தை நானே திருடுவேனா என்ற தைரியம். முதலாளியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அந்த அறை மாறிப்போனது. எழுதிய தாள்களை மாலையில் எண்ணி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார் முதலாளி. கிளம்பும்போது பைகளைத் திறந்து காட்ட வேண்டும். அக்கா என்னோடு சேர்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டு, தன் இடத்திலேயே திரையைப் பார்த்தபடி சாப்பிட ஆரம்பித்தார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் மூன்று ஜோடிக் கண்கள் கூடவே வருவது போலிருந்தது. நானும் பார்த்தேன். பெரும்பாலும் ஓவியரைப் பார்த்தேன்.

ஏன் அவரை? அக்காவும் அதே அறையில்தான் இருந்தார். என் தாள் முழுவதும் அவர் கைக்குத்தான் போயிற்று. சொல்லப்போனால் அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அக்கா பேசுகிற மாதிரி நானும் பேசுவேன், அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், அவர் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கடையில் காப்பிப் பொடி வாங்குகிறவர்கள். பட்டினப்பாக்கத்தில் எந்தப் பக்கம் ஓவியரின் வீடு என்றுகூட எனக்குத் தெரியாது. இன்றைக்கு இதை எழுதும்போது வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே காரணமாகிவிடுகிறது. ஓவியர் காலையில் வரும்போது அவருடைய பெரிய தோள்பையில் தட்டையாக, கனமாக ஏதோ இருக்கும். மதியம் வெளியே போய்விட்டு வரும்போது பை லேசாக இருக்கும். முதலாளி மாலையில்தான் பையைப் பார்ப்பார், மதியம் பார்ப்பதில்லை. நான் பக்கத்தில் போனால் மேஜையில் இருக்கும் நோட்டைச் சட்டென்று மூடி, மேலே எங்கள் புத்தகத்துப் படத்தை வைத்துக்கொள்வார். முதலாளி மேஜையில் போன் இருந்தும், கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார். ஒரு நாள் நான் மாடிப்படி இறங்கும்போது பூத்துக்குள் அவர் குரல் கேட்டது.

"நாளைக்கு முடிச்சிடறேன்பா. நீ மேல வராத. பனகல் பார்க் கிட்ட நில்லு, நான் எட்தாறேன்."

மறுநாள் மதியம் அவர் கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து நானும் கிளம்பினேன். அக்காவிடம் பூ வாங்கிவிட்டு வருகிறேன் என்று பொய் சொன்னேன். கூட்டத்துக்குள் அவருடைய நீலச் சட்டை முன்னால் போய்க்கொண்டிருந்தது. ரங்கநாதன் தெருவுக்குப் போகிற ஜனங்கள் எதிரே இடித்துக்கொண்டு வந்தார்கள். பார்க் மதில் ஓரத்தில் மொபெட்டில் ஒரு இளைஞன் காத்திருந்தான். கண்ணாடி போட்டிருந்தான், படித்தவன் போலிருந்தான். ஓவியர் பையிலிருந்து இரண்டு பழுப்புக் கவர்களை எடுத்துக் கொடுத்தார். அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்து, சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தான். இருவரும் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்தார்கள். நான் ஒரு பழக்கடைத் தள்ளுவண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்குப் பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். நான் நினைத்தது சரி.

அன்று மாலையே முதலாளியிடம் சொன்னேன். "அவர் திருடினார்னு நான் சொல்லலை சார். நான் பார்த்ததைச் சொல்றேன்" என்றுதான் ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பித்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

மறுநாள் காலை முதலாளி அவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார். "நேத்து பனகல் பார்க்ல யார்கிட்ட என்ன குடுத்த?"

ஓவியர் முகம் கறுத்தது. பிறகு சொன்னார், "ரெக்கார்டு நோட்டு சார்."

"என்ன நோட்டு?"

"காலேஜ் பசங்க ரெக்கார்டு நோட்டு சார். ஸுவாலஜி. அவனுங்களுக்கு வரைய வராது. தவளை, கரப்பான்பூச்சி, குடலு, இதயமெல்லாம் நான் போட்டுக் குடுக்கறேன். வூட்ல வெளிச்சம் பத்தாது, இங்க மதியானத்துல கொஞ்சம் போட்டுக்கினு இருந்தேன். அது தப்புதான் சார். ஆனா உங்க எழுத்து எதையும் நான் எடுக்கல."

"தவளையா?" என்றார் முதலாளி. "பதினோரு அர்த்தம் வெளிய போயிருக்கு, நீ தவளை வரைஞ்சேங்குத."

"நோட்டை வேணா காட்டறேன் சார். அந்தப் பையனையே கூட்டிக்கினு வர்றேன்."

"நீ கூட்டிட்டு வாற ஆளு, நீ சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்லுவான்."

ஓவியர் என் பக்கம் திரும்பினார். சொன்னது நான்தான் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"மேடம், நீங்க இன்னா பாத்தீங்க?"

"கவர் கொடுத்ததைப் பார்த்தேன்."

"உள்ள இருந்ததைப் பாத்தீங்களா?"

அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று அப்போதே பாதி தோன்றியது. தவளை என்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஓவியர் தன் பிரஷ்களை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பையை முதலாளி முன்னால் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார். உள்ளே ஒரு டிபன் டப்பாவும் ஒரு குடையும்தான் இருந்தன.

அடுத்த வாரமே வேறு ஆள் வந்தார். பழைய புத்தகங்களிலிருந்து டிரேசிங் எடுத்து வரைகிறவர். அவர் போட்ட குழந்தைகள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். களவு போன பதினோரு வார்த்தைகளுக்கும் புதிதாக அர்த்தம் எழுதச் சொன்னார் முதலாளி. அதனால் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் டியூஷன் பிள்ளைகளிடம், "பழைய வார்த்தைக்கே புதுசா சொல்லணும்" என்றேன்.

"நாங்க முன்னாடி என்ன சொன்னோம்னு மறந்துபோச்சு மிஸ்" என்றார்கள்.

நோட்டில் எழுதிக்கொள்ளும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "உன் நோட்டைக் கொடும்மா. பார்த்துச் சொல்லலாம்."

"அது அப்பாகிட்ட இருக்கு மிஸ்."

"அப்பாவுக்கு எதுக்கு?"

"அப்பா ஆபீஸ்ல புக் போடறாங்க மிஸ். உங்க மிஸ் சொல்றதெல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துட்டுப் போவாங்க. எங்க புக்குல 12பி கூட வந்திருக்கு மிஸ்!"

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் ஏதோ கேட்டார்கள், என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. ஸ்கூட்டரில் வருவார், வாசலில் ஹாரன் அடிப்பார், பெண்ணை ஏற்றிக்கொண்டு போவார். அவ்வளவுதான் தெரியும்.

அன்று ஹாரன் கேட்டதும் நானே வெளியே போனேன். கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கே.கே. நகரில் ஒரு அச்சகத்தில் மேனேஜராக இருக்கிறாராம். அந்த அச்சகத்து முதலாளி குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் போடச் சொன்னாராம்.

"அதெல்லாம் நான் வேலை பார்க்கற இடத்துக்காக எழுதினது சார்" என்றேன். "நீங்க எப்படி எடுக்கலாம்?"

"நீங்க எழுதினதுன்னு எனக்கெப்படித் தெரியும்? டியூஷன்ல பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுன்னு நினைச்சேன். மிஸ் சொன்னதை வெளியில சொல்லக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த பஸ் விஷயத்தைச் சொன்னது என் பொண்ணுதானே? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவதான் ரெண்டு நாள் பஸ்ஸை விட்டுட்டு அழுதுட்டு வந்தா. அது உங்க எழுத்தா மேடம்?"

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் எப்போதும்போல எனக்குக் கையாட்டினாள்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள், "இதை வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லிண்டு நிக்காதே. உன் வேலை போயிடும். அந்தப் பையன் படம் வரையறவன், எங்கயாவது பொழைச்சுப்பான்."

இரண்டு நாள் அம்மா பேச்சைக் கேட்டேன். ஞாயிறும் திங்களும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஓவியர் வழக்கமாக நிற்கும் இடத்தில், கண்டக்டருக்குப் பின்னால், வேறு யாரோ நின்றார். செவ்வாய்க்கிழமை முதலாளி வந்ததும் எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன். டியூஷன், நோட்டு, அந்தப் பெண், அவள் அப்பா, எல்லாம்.

நான் முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, வெளிய கொண்டு போகாதன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அவனைத் துரத்தும்போது பக்கத்துல நின்னியே, அப்பக்கூடவா இது தோணல?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில், ஒருமுறை தோன்றியது என்பதுதான். பதினோரு டிக்கையும் பார்த்த அன்றே, இதெல்லாம் பிள்ளைகள் சொன்னவையாயிற்றே என்று ஒரு எண்ணம் வந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் புத்தகமா போடப் போகிறார்கள் என்று அதைத் துரத்திவிட்டேன். அவரிடம், "தோணலை சார்" என்றேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்னும் இருநூறு வார்த்தை பாக்கி இருந்தது. ஓவியரைப் பற்றிக் கேட்டபோது, "நானா போய்க் கூப்பிட மாட்டேன். வேணும்னா நீ போய் வரச் சொல்லு. வந்தா வேலை இருக்கு" என்றார். ஆனால் அன்று மாலையும் நாங்கள் கிளம்பும்போது பையைத் திறக்கச் சொன்னார்.

முகவரியைச் சம்பளப் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டு பட்டினப்பாக்கம் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஓவியர் வரைந்துகொண்டிருந்தார். சுற்றிலும் தரையில் பத்துப் பதினைந்து ரெக்கார்டு நோட்டுகள் பிரித்துக் கிடந்தன. எல்லாவற்றிலும் தவளைகள். மல்லாந்து, கை கால் விரித்து, வயிறு கிழிக்கப்பட்டு, ஒவ்வொரு உறுப்புக்கும் மெல்லிய கோடு இழுக்கப்பட்ட தவளைகள்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அவர் அனுப்பிச்சாரா?"

"இல்லை. நானாத்தான் வந்தேன்."

"இன்னாத்துக்கு? இன்னும் எதுனா காணாம பூடுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்குப் பதிலாகச் சந்தேகம்தான் வந்தது. நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்பது போல என் கையையும் பையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். "சார் உங்களைத் திரும்பி வரச் சொல்றார்."

"வரமாட்டேன் மேடம்."

"வேலை இருக்குன்னு சொல்றார். நிஜமா."

"இருக்கட்டும். நான் வந்தா தெனம் என் பையைப் பாப்பீங்க. நீங்க பாக்கலன்னாலும் பாக்கற மாதிரியே எனக்கு இருக்கும். நானும் உங்களை அப்டித்தான் பாப்பேன். அப்புறம் எங்க வரையறது?"

நான் கிளம்பத் திரும்பினேன். அவருடைய மனைவிதான் பேசினார். "சும்மா மன்னிப்பு கேட்டுட்டுப் போனா இன்னா ஆவும்? அந்த லெட்டரைக் கேளுய்யா."

அடையாறில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். படங்களைப் பார்த்துப் பிடித்துப்போய், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். முதலாளியிடம் போய்க் கேட்க அவருக்கு மனமில்லை.

"உங்களால முடியுமா?" என்றார் ஓவியர். நம்பிக் கேட்ட மாதிரி இல்லை.

முடியும் என்றேன். முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். "வரமாட்டேன்னு சொன்னவனுக்கு நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?" என்றுவிட்டார். அதனால் மதியம் அவர் ஜவுளிக் கடைக்குப் போன நேரம் பார்த்து, அலுவலகத்துப் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தேன். அக்காவிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் நான் எழுதி வைத்திருந்ததை அடித்துத் தரச் சொன்னேன். அக்கா படித்துப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அடித்து, பிரிண்ட் எடுத்து, என் டெஸ்குக்குள் வைத்துவிட்டுப் போனார். நான் 'எடிட்டர்' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். மாலையில் பையைத் திறந்து காட்டும்போது அந்தக் கடிதம் மூன்றாக மடித்து என் புடவைக் கொசுவத்துக்குள் இருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து நிஜமாகவே களவு போனது அது ஒன்றுதான்.

பட்டினப்பாக்கத்தில் கடிதத்தை வாங்கி ஓவியர் எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்று வருடம் வேலை பார்த்தார், நன்றாக வரைவார், நேரத்துக்கு வருவார். கடைசி வரியில் நின்றார்.

"ஹார்ட் வொர்க்கிங், அது தெரியுது. இது இன்னா, ஆனஸ்ட்?"

"நேர்மையானவர்னு அர்த்தம்."

"அப்டின்னா?"

"யாரும் பார்க்காதப்பவும் அடுத்தவங்க பொருளை எடுக்காதவர்."

அவர் சிரித்தார். என் முதல் அர்த்தத்தைப் படித்துச் சிரித்ததற்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "இதை எடுத்துடலாம் மேடம்."

"ஏன்? அதுதானே முக்கியம்?"

"யாரும் கேக்காம நீங்களா இவன் திருடன் இல்லன்னு எழுதினா, படிக்கறவனுக்கு சந்தேகம் வந்துடும். இன்னாடா இது, எதுனா நடந்துச்சான்னு."

வேறு தாள் என்னிடம் இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைப் பெயிண்டில் ஒரு சொட்டுக் கறுப்பும் பழுப்பும் கலந்து காகிதத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். மெல்லிய பிரஷ்ஷால் அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாக மூடினார். அதற்கு முன்னால் இருந்த 'அண்ட்' என்பதையும் மூடினார். ஊதி உலர்த்தி, மிச்சமிருந்த வாக்கியத்துக்கு முடிவில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். என் கையில் கொடுத்து, "பாருங்க" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை.

எங்கள் புத்தகம் ஜூனில் வந்தது. பாதிக்கு மேல் படங்கள் அவருடையவை, எங்கேயும் அவர் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. அடுத்த மாதம் நான் அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்தப் பெண் மேலும் இரண்டு வருடம் என்னிடம் டியூஷன் வந்தாள். அவள் அப்பா வாசலில் ஹாரன் அடிப்பார், நான் வெளியே போக மாட்டேன். ஓவியருக்கு அந்த வேலை கிடைத்தது என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏதோ வேலையாக அடையாறு போனபோது, காலையில் பஸ் ஸ்டாண்டில் அவர் தோள்பையோடு இறங்கிப் போவதைப் பார்த்தாராம். அதே அடையாறில்தான் நானும் தினமும் இறங்கினேன். ஒரு நாளும் எதிரில் வந்ததில்லை. வந்திருந்தாலும், என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.